ஃப்ரைடு ரைஸ் கடை மாதிரி வரவில்லையா? பர்னரை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கோட்டையூர் பக்கம் கேஸ் அடுப்பு சர்வீஸ் செய்கிறேன். வீட்டு அடுப்பும் பார்ப்பேன், சாலையோர ஃபாஸ்ட் ஃபுட் கடைகளின் பெரிய அடுப்பும் பார்ப்பேன். வீடுகளில் அடிக்கடி வரும் புகார் ஒன்று உண்டு. "தம்பி, தீ பத்தல. ரைஸு, நூடுல்ஸு எதுவுமே கடை மாதிரி வரமாட்டேங்குது. பெரிய பர்னரா மாத்திக் குடுங்க." போய்ப் பார்த்தால் அடுப்பு நன்றாகவே எரிந்துகொண்டிருக்கும். குறை சோற்றில் இருக்கும், சட்டியில் இருக்கும், அல்லது ஒரே தடவையில் அள்ளிப் போட்ட அளவில் இருக்கும்.

பர்னருக்குக் காசு கொடுத்த பிறகும் ரைஸ் குழைந்தால் மனசு விட்டுப்போகும். அதனால் செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு பிடிக்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்து எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். அந்தத் தலைப்புக்குள் மேலிருந்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஒரே நாளில் நாலைந்தை மாற்றினால், எது சரிசெய்தது என்று தெரியாமல் போய்விடும்.

## சோறு குழைகிறது, கட்டி கட்டியாக நிற்கிறது

அதிகம் கேட்பது இதைத்தான்.

சோறு சூடாக இருக்கிறதா?
வடித்த சூட்டோடு சட்டியில் கொட்டினால் எந்த அரிசியும் குழையும். ஒரு கை சோற்றை எடுத்து லேசாக அழுத்திப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் வதக்கலாம். உருண்டையாக நின்றால் ஈரம் இன்னும் போகவில்லை. தாம்பாளத்தில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, ஃபேனுக்கு அடியில் அரை மணி நேரம் வையுங்கள். பிறகு மூடி ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம். நேரமில்லை என்றால் ஃபேன் காற்று மட்டுமே பாதி வேலையை முடித்துவிடும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. முதல் நாள் சோறுதான் ஃப்ரைடு ரைஸுக்கு நல்லது என்று கேள்விப்பட்டு, சிலர் ராத்திரி முழுக்க அடுப்படியிலேயே சோற்றை வைத்துவிடுகிறார்கள். அது வேண்டவே வேண்டாம். சோற்றில் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாமல் இருக்கும். நம் ஊர் வெக்கையில் வெளியே கிடந்தால் அது வேகமாகப் பெருகி நஞ்சை விடும். பிறகு எவ்வளவு பெரிய தீயில் வதக்கினாலும் அந்த நஞ்சு போகாது. வடித்து ஆறிய சோறு ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும், மறுநாளே தீர்ந்துவிட வேண்டும். தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைக்கும் பழைய சோற்றை இதற்கு உதாரணமாக எடுக்காதீர்கள். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி தொடங்கி நிற்காமல் போனால், அல்லது சாப்பிட்டது குழந்தையாகவோ வயதானவராகவோ இருந்தால், கை வைத்தியம் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். உடனே மருத்துவரிடம் போங்கள்.

குக்கரில் வைத்த சோறா?
அளந்து தண்ணீர் வைத்து விசில் விட்ட சோற்றில் கஞ்சி முழுக்க உள்ளேயே தங்கிவிடுகிறது. அதை எவ்வளவு ஆறவைத்தாலும் ஓரளவுக்குத்தான் உதிரும். பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் கொதிக்கவிட்டு, உப்புப் போட்டு, அரிசியை வேகவைத்து வடித்துவிடுங்கள். வடிக்கிற சோறு நம் வீடுகளுக்குப் புதிதா என்ன, அம்மா காலத்துப் பழக்கம்தானே. பாஸ்மதியை அரை மணி நேரம் ஊறவைத்திருந்தால் ஐந்து முதல் ஏழு நிமிடம் போதும். ஒரு பருக்கையை நகத்தால் கிள்ளினால் நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரிய வேண்டும். அந்தப் பதத்தில் வடித்தால், மிச்ச வேக்காடு சட்டியில் நடந்துவிடும்.

அரிசி எது?
பழைய பாஸ்மதி இருந்தால் சிரமமே இல்லை. புழுங்கல் பொன்னியை வடித்து ஆறவைத்தும் தாராளமாகச் செய்யலாம். கடை ரைஸ் மாதிரி நீளமாக இருக்காது, அவ்வளவுதான். புது பச்சரிசி குழையும். சீரகச் சம்பாவைப் பிரியாணிக்கு விட்டுவிடுங்கள், அதற்கென்று ஒரு மணம் இருக்கிறது, சோயா சாஸோடு அது சேராது. கோட்டையூரில் ஒரு வீட்டில் கவுனி அரிசியில் முயற்சி செய்திருந்தார்கள். கவுனி இயல்பிலேயே ஒட்டுகிற அரிசி, சர்க்கரையும் தேங்காயும் சேர்த்து இனிப்பாகச் சாப்பிடுவதற்குத்தான் அது பொருத்தம்.

எல்லாம் சரி, சட்டியில் போட்ட பிறகுதான் குழைகிறது என்றால்
கரண்டியின் பின்பக்கத்தால் சோற்றை அழுத்துகிறீர்களா என்று பாருங்கள். சாதாரணக் குழிக்கரண்டியால் கிளறினால் பருக்கை உடைந்து பசையாகும். தட்டையான சட்டுவத்தை அடியில் விட்டுப் புரட்டுங்கள். கட்டிகளைச் சட்டியில் போடும் முன்பே கையால் உதிர்த்துக்கொள்ளுங்கள், அப்போது விரலில் அரை ஸ்பூன் எண்ணெய் தடவிக்கொண்டால் சுலபம்.

## வதக்கும்போது தண்ணீர் விடுகிறது, காய் தொங்கிப்போகிறது

அளவு. பத்தில் எட்டு வீடுகளில் காரணம் இதுதான் என்பேன். ஐந்து பேருக்கான ரைஸை ஒரே சட்டியில் ஒரே தடவையில் போட்டால் சட்டியின் சூடு சட்டென்று இறங்கிவிடும். அதற்குப் பிறகு நடப்பது வதக்கல் இல்லை, காய் தன் தண்ணீரிலேயே வேகிறது. கடைக்காரர் பெரிய தீயை வைத்துக்கொண்டும் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு பிளேட்தான் போடுகிறார், நின்று கவனித்துப் பாருங்கள். வீட்டு அடுப்பில் ஒரு ஈடுக்கு இரண்டு கப் சோறு, ஒரு கைப்பிடி காய், ஒரு முட்டை. அதற்கு மேல் வேண்டாம். அடுத்த ஈட்டை அடுத்துப் போடுங்கள். வெள்ளைப் பணியாரத்தை ஒவ்வொன்றாக ஊற்றி எடுக்கும் ஆச்சிமார்களுக்கு இந்தப் பொறுமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஈரம். காயைக் கழுவிய கையோடு நறுக்கிப் போடுகிறீர்களா? முன்கூட்டியே கழுவி, துணியில் துடைத்து, பிறகு நறுக்குங்கள். கோஸில் தண்ணீர் அதிகம், அதை மெல்லிசாக அரிந்து கடைசியில் போடுங்கள். கேரட், பீன்ஸ் முதலில். குடைமிளகாய் அடுத்து. வெங்காயத்தாள் அடுப்பை அணைக்கும்போது.

உப்பு. காயோடு உப்பைப் போட்டால் நீர் விடும். சோறு சேர்த்த பிறகு போடுங்கள்.

மூடி. மூடவே கூடாது.

இவை நான்கும் சரியாக இருந்தும் நீர் விட்டால், அடுத்த தலைப்பில் சட்டியைப் பற்றிச் சொன்னதைப் பாருங்கள்.

## சுவை இருக்கிறது, அந்தக் கடை மணம் மட்டும் வரவில்லை

கடை மணம் என்பது ஒரே பொருளிலிருந்து வருவது இல்லை. இரும்பின் சூடு, புகைந்த எண்ணெய், வெள்ளை மிளகு, பூண்டு, சட்டியின் சூடான சுவரில் பட்டுக் கருகும் சோயா சாஸ், இத்தனையும் சேர்ந்ததுதான் அது. எது விட்டுப்போயிருக்கிறது என்று வரிசையாகப் பாருங்கள்.

மிளகு. கறுப்பு மிளகுத்தூள் போட்டால் பொங்கல் வாசனைதான் வரும். வெள்ளை மிளகுத்தூள் வாங்குங்கள். இரண்டு பேருக்குக் கால் ஸ்பூன், கடைசியில். பல வீடுகளில் இந்த ஒரு மாற்றத்திலேயே வேலை முடிந்திருக்கிறது.

சோயா சாஸ் ஊற்றும் இடம். சோற்றின் மேல் ஊற்றாதீர்கள். சோற்றை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, சட்டியின் காலியான ஓரத்தில் ஊற்றுங்கள். சுர்ரென்று பொங்கிய பிறகு சோற்றோடு புரட்டுங்கள். வினிகரும் அப்படித்தான், ஆனால் அரை ஸ்பூன் போதும்.

எண்ணெய். செக்கு நல்லெண்ணெய் இதற்கு ஆகாது. சீனச் சமையலில் சொல்லும் எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது, இறக்கும்போது சில சொட்டுகள் விடுவது. நம் நல்லெண்ணெய் வேறு, மணமும் வேறு. செக்குக் கடலை எண்ணெய் நல்ல எண்ணெய்தான், ஆனால் சீக்கிரமே புகைந்து கசந்துவிடும். ரீஃபைண்டு கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ பெரிய தீயைத் தாங்கும்.

அஜினமோட்டோ. பெரும்பாலான கடைகளில் போடுகிறார்கள். வீட்டில் போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். போடுவதாக இருந்தால் இரண்டு பேருக்குக் கால் ஸ்பூனுக்கு மேல் வேண்டாம், உப்பையும் குறைத்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் ஒரு கைப்பிடி காளானைப் பொடியாக அரிந்து நன்றாகச் சிவக்க வதக்கிச் சேருங்கள், அந்த நாக்கில் நிற்கும் சுவை ஓரளவு கிடைக்கும்.

சட்டி. நான்ஸ்டிக்கில் இந்த மணம் வராது. வரவைக்க முயல்வதும் ஆபத்து. வெறும் நான்ஸ்டிக் சட்டியைப் பெரிய தீயில் விட்டால் 260 டிகிரியைத் தாண்டியதும் பூச்சு சிதைந்து கெட்ட புகை விடும். நம் வீடுகளில் இருக்கவே இருக்கிறது இருப்புச்சட்டி. அது கனமானது, மெதுவாகத்தான் சூடேறும். வெறும் சட்டியைப் பெரிய பர்னரில் நாலைந்து நிமிடம் வையுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக உருண்டு ஓட வேண்டும். அதன் பிறகு எண்ணெய், உடனே பூண்டு. சோறு போட்டதும் ஓயாமல் புரட்டாதீர்கள். இருபது விநாடி சும்மா விட்டு, ஒரு தடவை புரட்டி, மறுபடி விடுங்கள். கடைக்காரர் சட்டியைத் தூக்கி ஆட்டுவதைப் பார்த்து வீட்டிலும் ஆட்டுகிறார்கள். அவர் தீ சட்டியின் ஓரம் வரை ஏறி எரிகிறது. நம் தீ அடியில் மட்டும்தான் இருக்கிறது, சட்டியைத் தூக்கினால் சூடு போய்விடும்.

தீ. இத்தனைக்கும் பிறகுதான் அடுப்பு. முதலில் நாப் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நம் அடுப்புகளில் பெரும்பாலும், திருப்பியதும் வரும் முதல் நிலைதான் முழுத் தீ. அதைத் தாண்டி முழுக்கத் திருப்பினால் சிம். முழுக்கத் திருப்பினால்தான் அதிகம் எரியும் என்று நினைத்துப் பல வருடமாகச் சிம்மிலேயே சமைத்துக்கொண்டிருந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது காற்று. பழைய வீடுகளில் இரண்டாங்கட்டு முற்றத்தை ஒட்டி அடுப்படி இருக்கும். முற்றத்துக் காற்று தீயை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடும், சட்டியின் பாதிதான் சூடாகும். சன்னலையும் கதவையும் முழுக்க அடைத்துவிடாமல், அடுப்பைக் காற்று நேராகப் படாத மூலைக்கு மாற்றுங்கள். தகரத்தை வளைத்து அடுப்பைச் சுற்றி மறைப்புக் கட்டுவது கண்ணாடி மேல்தளம் உள்ள அடுப்பில் கூடவே கூடாது. சூடு வெளியேற வழியில்லாமல் கண்ணாடி வெடிக்கும். அகலமான சட்டியைப் பெரிய தீயில் நெடுநேரம் வைத்தாலும் அதே ஆபத்துதான்.

அப்புறமும் போதவில்லை என்றால்
வீட்டு அடுப்பின் எல்லை அவ்வளவுதான். வீட்டு ரெகுலேட்டர் விடும் அழுத்தம் சுமார் 30 மில்லிபார். கடைகளில் 19 கிலோ வணிக சிலிண்டரில் ஹை பிரஷர் ரெகுலேட்டர் போட்டு, பல மடங்கு அழுத்தத்தில் எரிக்கிறார்கள். "அந்த ரெகுலேட்டரை மட்டும் வாங்கிட்டு வந்துட்டேன், மாட்டிக் குடுங்க தம்பி" என்று கேட்கிறவர்கள் உண்டு. நான் மாட்டித் தருவதில்லை, யார் மாட்டித் தந்தாலும் நீங்கள் விடாதீர்கள். உங்கள் அடுப்பின் வால்வு, டியூப், ஜெட் (பர்னருக்குள் கேஸை விடும் சின்ன ஓட்டையுள்ள பாகம்) எதுவும் அந்த அழுத்தத்துக்குச் செய்ததில்லை. ஜெட்டின் ஓட்டையைப் பெரிதாக்குவதும் இதே வகைத் தவறு. தீ பெரிதாகத் தெரியும், ஆனால் மஞ்சளாக எரிந்து சட்டியைக் கரியாக்கும், சூடு அதிகமாகாது.

செலவு செய்ய முடிவு செய்துவிட்டால், ஐஎஸ்ஐ முத்திரையுள்ள, பெரிய ஜம்போ பர்னர் வைத்த வீட்டு அடுப்பாக வாங்குங்கள்.

## தீ மஞ்சளாக எரிகிறது, சட்டியின் அடி கரி பிடிக்கிறது

சாஸும் உப்புத் தண்ணீரும் பர்னரில் சிந்தும்போது தீ ஒரு நிமிடம் ஆரஞ்சு நிறத்தில் பொரிந்து அடங்கும். அது உப்பின் நிறம், பயமில்லை. நிற்காமல் மஞ்சளாக எரிந்தால்தான் பார்க்க வேண்டும்.

அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, பர்னர் தலையை எடுத்து மறுபடி சரியாக உட்காரவையுங்கள். கொஞ்சம் சாய்ந்திருந்தாலே போதும், மஞ்சளாக எரியும். சரியாகவில்லை என்றால் பித்தளைத் தலையை வெந்நீரில் ஊறவைத்து, ஓட்டைகளைப் பழைய பல் பிரஷால் தேயுங்கள். கார்ன்ஃப்ளார் கலந்த சாஸ் பொங்கி வழிந்து காய்ந்தால் ஓட்டையில் பசைபோல் இறுகிவிடும். நன்றாகக் காயவைத்துவிட்டுப் பொருத்துங்கள். அப்படியும் மஞ்சள்தான் என்றால், அடியில் உள்ள, கேஸும் காற்றும் கலக்கும் மிக்சிங் டியூபில் சிலந்தி வலையோ கரப்பான் பூச்சியோ அடைத்திருக்கும், அல்லது ஜெட்டில் தூசி இருக்கும். இந்த இடத்தில் நீங்கள் நிறுத்திக்கொள்ளுங்கள். ஜெட்டில் ஊக்கு, கம்பி எதையும் விடாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், அரை மணி நேர வேலைதான்.

சிலிண்டர் தீரும் சமயத்தில் தீ சிறுத்துவிடும். அதற்காகச் சிலிண்டரைப் படுக்கவைப்பதோ வெந்நீரில் வைப்பதோ உயிருக்கே ஆபத்து. சிலிண்டரை மாற்றுவது ஒன்றுதான் வழி.

கேஸ் வாடை வந்தால் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு சன்னல்களைத் திறங்கள், எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணுக்கோ உங்கள் ஏஜென்சிக்கோ போன் செய்யுங்கள். கசிவைத் தேடித் தீக்குச்சி கிழிக்கவே கூடாது.

## முட்டையும் சோறும் சட்டியில் ஒட்டுகிறது

சட்டி சூடேறும் முன் எண்ணெய் விட்டிருப்பீர்கள், அல்லது ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையை அப்படியே உடைத்திருப்பீர்கள். சட்டி காய்ந்து, எண்ணெய் விட்டு, சுற்றிச் சாய்த்து ஓரமெல்லாம் படவிட்டு, பிறகு முட்டை. விளிம்பு உப்பி எழும்பும் வரை கரண்டி வைக்காதீர்கள்.

அது காரணமில்லை என்றால், அதே இருப்புச்சட்டியில் புளிக்குழம்பு வைக்கிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். புளியும் வினிகரும் சட்டியில் பழகிப் படிந்த எண்ணெய்ப் பூச்சை அரித்துவிடும். வெள்ளை முட்டை சாம்பல் நிறமாவதும், ரைஸில் இரும்பு வாடை வருவதும் இதனால்தான். வத்தக்குழம்புக்கு மண்சட்டியை வைத்துக்கொண்டு, இதற்கென்று ஒரு இரும்பை ஒதுக்கிவிடுங்கள்.

பூச்சு போன சட்டியைத் திரும்பப் பழக்கலாம். துரு போகத் தேய்த்துக் கழுவி, அடுப்பில் ஈரம் போகக் காயவைத்து, மெல்லிசாக எண்ணெய் தடவி, துணியால் துடைத்துவிட்டு, புகை வந்து அடங்கும்வரை சூடாக்குங்கள். ஆறியதும் மறுபடி அதே வேலை. மூன்று நாலு தடவையில் சட்டி கறுத்துப் பளபளக்கும். எண்ணெயைத் தாராளமாகத் தடவினால் பிசுபிசுக்கும். அடி வளைந்து ஆடுகிற சட்டியை அடுப்பில் வைத்துப் போராடாதீர்கள், அது கண்ணாடி அடுப்பையும் கெடுக்கும்.

எண்ணெய் தீப்பிடித்துவிட்டால் கேஸை மூடி, சட்டியை ஒரு தட்டால் மூடிவிடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது, சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது.

## நூடுல்ஸ் பிசின் மாதிரி ஒட்டுகிறது, அல்லது துண்டு துண்டாகிறது

ஒட்டினால் தண்ணீர் போதவில்லை அல்லது வேக்காடு அதிகம். அகலப் பாத்திரத்தில் கொதித்த பிறகே நூடுல்ஸைப் போட்டு, பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே வடிகட்டி, உடனே பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். ஒரு ஸ்பூன் எண்ணெய் புரட்டித் தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். உடைந்தால் கரண்டி காரணம், சட்டுவத்தை வைத்துவிட்டு இரண்டு முட்கரண்டியால் தூக்கித் தூக்கிப் புரட்டுங்கள். மசாலா பாக்கெட்டோடு வரும் உடனடி நூடுல்ஸில் இது வராது, ஹக்கா நூடுல்ஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

## கோபி மஞ்சூரியன் நமத்துப்போகிறது

பொரித்து எடுத்தபோதே மெத்தென்று இருந்ததா? அப்படியென்றால் எண்ணெய் காயவில்லை, அல்லது பூவில் ஈரம். பூவை மஞ்சள் உப்புப் போட்ட வெந்நீரில் இரண்டு நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள், எடுத்துத் துணியில் முழுக்கக் காயவையுங்கள். ஒரு சொட்டு மாவு விட்டால் உடனே மேலே மிதந்து வர வேண்டும், அப்போதுதான் எண்ணெய் தயார். ஒரு ஈட்டுக்கு எண்ணெயின் மேற்பரப்பில் பாதி இடம் காலியாக இருக்கட்டும்.

மாவு சரியா? மைதாவும் கார்ன்ஃப்ளாரும் சரிபாதி, கரண்டியில் ஒட்டி மெதுவாக வழிகிற பதம். இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. மளிகைக் கடையில் சோள மாவு என்று கேட்டால் சில சமயம் மஞ்சள் நிற மக்காச்சோள மாவைக் கட்டித் தருகிறார்கள். அது ரொட்டிக்கானது. நமக்கு வேண்டியது பால் வெள்ளையாக, விரலில் தேய்த்தால் கிறீச்சென்று வழுக்கும் கார்ன்ஃப்ளார். சாஸ் கெட்டியாகாமல் மணல் மாதிரி நிற்கிறது என்றாலும் இதையே பாருங்கள்.

பொரித்தபோது மொறுமொறு, சாஸில் போட்டதும் நமத்தது என்றால் இரண்டு தடவை பொரியுங்கள். முதலில் மிதமான எண்ணெயில் வெளிர் நிறம் வரும் வரை, பத்து நிமிடம் ஆறவிட்டு, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் ஒரு நிமிடம். சாஸ் தனியாகக் கெட்டியாகித் தயாராக இருக்க வேண்டும், கோபி கடைசியில் விழ வேண்டும், விழுந்த அரை நிமிடத்தில் தட்டுக்கு வந்துவிட வேண்டும். விருந்தாளி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கலந்துவைத்தால் யார் செய்தாலும் நமக்கும்.

சாஸில் கட்டி. கார்ன்ஃப்ளாரைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, ஊற்றும் முன் மறுபடி கலக்கி, தீயைக் குறைத்து, கிளறிக்கொண்டே ஊற்றுங்கள்.

## "சீன மணம் வரல, நம்ம வறுவல் மாதிரியே இருக்கு"

செட்டிநாட்டுக் கைப்பழக்கம் இது, குறையாகச் சொல்லவில்லை. எண்ணெய் காய்ந்ததும் கை தானாகச் சோம்பு, கறிவேப்பிலை, கல்பாசி டப்பாக்களுக்குப் போகும். மஞ்சூரியனில் இவை எதுவும் இல்லை. மும்பை கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் 1975-இல் நெல்சன் வாங் என்ற சமையல்காரர் சிக்கன் மஞ்சூரியனை உருவாக்கினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய் வரைக்கும் நம் வழியில் வந்துவிட்டு, கரம் மசாலா போடும் இடத்தில் சோயா சாஸும் கார்ன்ஃப்ளாரும் சேர்த்திருக்கிறார். அந்தத் திருப்பத்தில்தான் இந்தப் பதார்த்தமே இருக்கிறது.

ஆகவே இஞ்சி பூண்டை விழுதாக அரைக்காமல் கத்தியால் பொடியாக அரியுங்கள். விழுது போட்டால் குருமா வாசனை வரும். மல்லித்தூள், மஞ்சள்தூள், தனி மிளகாய்த்தூள் வேண்டாம். காரத்துக்குப் பச்சை மிளகாய், நிறத்துக்கு ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய். வெங்காயத்தைச் சிவக்க விடாதீர்கள், ஓரம் கருகி உள்ளே நறுக்கென்று இருக்க வேண்டும்.

## சிக்கன் ரப்பர் மாதிரி இருக்கிறது

நாட்டுக்கோழியா? அது குழம்புக்கு அருமை, மெதுவாக வேக வேண்டிய கறி. சில்லி சிக்கனுக்கு பிராய்லரின் தொடைக்கறி, எலும்பில்லாமல். நெஞ்சுக்கறிதான் வேண்டும் என்றால் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்டச் சொல்லுங்கள்.

கறியை ஒரு முட்டை வெள்ளைக்கரு, ஒரு ஸ்பூன் கார்ன்ஃப்ளார், அரை ஸ்பூன் சோயா சாஸோடு பிசைந்து அரை மணி நேரம் வையுங்கள். அப்படியும் கடினமாக இருந்தால் அடுத்த தடவை, கால் கிலோவுக்குக் கால் ஸ்பூன் சமையல் சோடா தடவி கால் மணி நேரம் வைத்து, நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டுப் பிசையுங்கள். கழுவாமல் விட்டால் சோப்பு வாடை வரும். பெரிய துண்டு ஒன்றை வெட்டிப் பாருங்கள், நடுவில் இளஞ்சிவப்பு தெரிந்தால் இன்னும் வேக வேண்டும்.

## ரைஸ் கறுத்துவிட்டது, உப்புக் கரிக்கிறது

டார்க் சோயா சாஸை லைட் சோயா சாஸின் அளவுக்கு ஊற்றியிருப்பீர்கள். டார்க் நிறத்துக்கு மட்டும், சில சொட்டு. லைட் சோயாவிலேயே உப்பு நிறைய இருக்கிறது, ருசி பார்த்த பிறகே தனி உப்பு. ஏற்கனவே கரித்துவிட்டால் உப்பில்லாத சோறு ஒரு கப் சேர்த்துத் தனி ஈடாகப் புரட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

## இண்டக்‌ஷனில் செய்கிறேன், சூடு நிற்கவில்லை

குழிவான இருப்புச்சட்டி இண்டக்‌ஷனில் நடுப்புள்ளியில் மட்டும்தான் தொடும். தட்டை அடி இரும்பு வேண்டும். 2000 வாட் அடுப்பு ஒன்பது ஆம்பியர் வரை இழுக்கும், அதற்குப் பெரிய 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் தேவை. சின்ன பாயிண்டில் அடாப்டர் மாட்டி ஓட்டுகிறீர்கள் என்றால் இன்றே நிறுத்துங்கள். சுவரில் அடித்த மரச்சட்டத்தின் மேல் ஓடும் பழைய ஒயரிங் இன்னும் இருக்கும் பெரிய வீடுகளில் இது மிகவும் முக்கியம். பிளக் தொட்டால் சுடுகிறது, கருகல் வாடை வருகிறது, விளக்கு மங்குகிறது என்றால் எலக்ட்ரீஷியனை அழைத்து அடுப்படிக்குத் தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள்.

## முப்பது, நாற்பது பேருக்குச் செய்ய வேண்டும்

முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ திருவிழாவுக்கோ சொந்தபந்தமெல்லாம் வந்து நிறையும்போது பிள்ளைகள் ஃப்ரைடு ரைஸ் கேட்பார்கள். பத்துப் பேர் வரை வீட்டு அடுப்பில் ஈடு ஈடாகப் போட்டுச் சமாளிக்கலாம். அதற்கு மேல் ஆனால் ஒரு ஃபாஸ்ட் ஃபுட் மாஸ்டரை வீட்டுக்கு அழைத்துவிடுங்கள். அடுப்பும் வணிக சிலிண்டரும் அவர் கொண்டுவரட்டும், உங்கள் வீட்டு சிலிண்டரை அந்த அடுப்புக்குக் கொடுக்காதீர்கள். அடுப்பை வீட்டுக்குள்ளே போட விடாமல் பின்கட்டுக்கு வெளியே, கூரையும் பந்தல் துணியும் இல்லாத இடத்தில் போடச் சொல்லுங்கள். சோறு வடிப்பதையும் காய் அரிவதையும் நீங்கள் முதலிலேயே முடித்துவைத்தால் கூலி குறையும். அஜினமோட்டோ வேண்டுமா வேண்டாமா, காரம் எவ்வளவு, பிள்ளைகளுக்குத் தனி ஈடா என்பதை அவர் தீ மூட்டும் முன்பே சொல்லிவிடுங்கள், சட்டி காய்ந்த பிறகு அவருக்குக் காது கேட்காது, அந்த பர்னர் அத்தனை சத்தம் போடும்.